மூச்சுப் பயிற்சியின் எல்லை

வயது வந்தோரின் ஆஸ்துமாவுக்கு மூச்சுப் பயிற்சி அளித்துவரும் நாம், அப்பயிற்சியால் நோயாளி ஆசுவாசம் அடைவதைக் கண்டு மகிழ்கிறோமேயன்றி, அந்த ஆசுவாசம் உடம்பின் எவ்விடத்து மாறுதலால் விளைந்தது என்று விசாரிப்பது அரிதாகவே இருக்கிறது.

மூச்சுக்குழலின் சுவர் வீங்கி, தசை இறுகி, சளியும் அடைக்கும்போது, உட்சென்ற காற்று முழுதும் வெளியேறாமல் நெஞ்சில் தேங்க, உதரவிதானம் தட்டையாகித் தன் வலுவை இழக்க, அதன் வேலையைக் கழுத்துத் தசைகள் ஏற்றுக்கொள்கின்றன. இழுப்புத் தணிந்த பின்பும் சிலரிடம் அந்த மேல்நெஞ்சுச் சுவாசம் பழக்கமாய் நின்றுவிடுகிறது. தேவைக்கு மிஞ்சி மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றி, விரல் நுனி மரத்துப்போக, அதையும் ஆஸ்துமாவின் கூறென்றே எண்ணி அவர்கள் இன்ஹேலரை எடுக்கிறார்கள். மூக்கால் மெல்ல இழுத்து, வயிறு எழுந்து தாழ, நிதானமாய் வெளிவிடும் நம் பயிற்சி தொடுவது இப்பழக்கத்தைத்தான். குழலின் அழற்சியை அன்று.

சோவியத் மருத்துவர் புத்தேய்கோ 1950களில் வகுத்த முறை, மிகைச் சுவாசமே ஆஸ்துமாவின் மூலகாரணம் என்றது. 1998இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வில், அம்முறையைப் பயின்றோர் நிவாரண இன்ஹேலரை எடுப்பது வெகுவாகக் குறைந்தது. ஆனால் நுரையீரலின் திறனும் மாறவில்லை, கரியமில வாயுவின் அளவும் மாறவில்லை. பயன் நிலைத்தது, அதற்குச் சொன்ன காரணம் நிலைக்கவில்லை! இங்கிலாந்தின் பாப்வொர்த் மருத்துவமனையில் 1960களில் உருவான முறை இத்தகைய பெருங்கொள்கை எதையும் சுமக்காமல், உதரவிதானச் சுவாசத்தையும் உடல் தளர்த்தலையும் கற்பித்ததோடு அமைந்தது. எனக்கு அந்த அடக்கமே உகப்பானது.

நம் தொழிலுக்கு மிகவும் சங்கடமான செய்தி, பிரித்தானியாவில் 655 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் இருக்கிறது. ஒரு பிரிவினருக்கு டி.வி.டி. தட்டும் கையேடும் தரப்பட்டன. மற்றொரு பிரிவினருக்குப் பிசியோதெரபிஸ்ட் மூன்று அமர்வுகளில் நேரில் கற்பித்தார். மூன்றாம் பிரிவினர் வழக்கமான சிகிச்சையோடு இருந்தனர். ஓராண்டு கழித்து, ஏழுக்குக் கணக்கிடப்படும் வாழ்க்கைத்தர மதிப்பெண் டி.வி.டி. பிரிவில் 5.40, நேர்ப்பயிற்சியில் 5.33, வழக்கச் சிகிச்சையில் 5.12. நுரையீரல் திறனிலோ அழற்சியிலோ வேறுபாடு இல்லை. நோயாளி உணரத்தக்க மிகக் குறைந்த மாறுதல் 0.5 எனப்படுவதால், சராசரி ஆதாயம் அதையும் எட்டவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் சராசரி என்பது மிகுதியாய்ப் பயன் பெற்றவரையும் சிறிதும் பெறாதவரையும் ஒன்றாய்க் கலந்து தரும் எண் அல்லவா? தட்டு கற்பிக்கக் கூடியதைத் தட்டே கற்பிக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். அதனால் மிச்சமாகும் நேரத்தை, எந்த நோயாளிக்குச் சுவாச முறை கெட்டிருக்கிறது, எவருக்கு மருந்து போதாமல் இருக்கிறது என்று பிரித்தறிவதில் நாம் செலவிடலாம். அது எந்தத் தட்டுக்கும் வராத வேலை. பதினாறு கேள்விகள் கொண்ட நைமேகன் வினாத்தாளில் 23க்கு மேல் வந்தால் மிகைச் சுவாசத்தைச் சந்தேகிக்கிறோம். ஆனால் மூச்சுத்திணறல், நெஞ்சிறுக்கம் முதலிய ஆஸ்துமாவின் குறிகளும் அதில் இருப்பதால், எண்ணை மட்டும் நம்பாமல், சட்டையைத் தளர்த்தச் சொல்லி நெஞ்சும் வயிறும் அசைவதைக் கண்ணால் பார்ப்பதே உத்தமம்.

கபாலபாதி என்னும் யோகப் பயிற்சியைப் பழகிக்கொண்டு நம்மிடம் வருவோரும் உண்டு. வேகமாய் மூச்சை உதறும் அப்பயிற்சி, நாம் கற்பிக்கும் நிதானத்துக்கு நேர் விரோதம் என்பதைப் பக்குவமாய்ச் சொல்ல வேண்டும்.

அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. நிவாரண இன்ஹேலரின் தேவை குறைந்தவுடன், நோயே விட்டதென்று கருதி, அழற்சியை அடக்கிவரும் ஸ்டீராய்டு இன்ஹேலரையும் நோயாளி கைவிடுவார். குறிகள் அடங்கியிருக்க, அழற்சி வளரும். ஆகையால் பயிற்சி தொடங்கும் நாளிலேயே, அந்த இன்ஹேலரை எத்தனை வேளை தவறவிடுகிறார், மருந்தைச் சரியாக உள்ளிழுக்கிறாரா என்பவற்றைக் கேட்டும் செய்துகாட்டச் சொல்லியும் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் அமர்விலும் மீண்டும் பார்ப்பது அவசியம். இரவில் இழுப்பால் விழிப்பு வந்தாலும், பீக் ஃப்ளோ அளவு இறங்கினாலும், நிவாரண மருந்தின் தேவை மறுபடி ஏறினாலும், அன்றைய பயிற்சியை நிறுத்தி, நோயாளியை மருத்துவரிடம் அப்போதே அனுப்பிவிட வேண்டும்.