சிப்பாயின் காயமும் காண்ட்ராக்ட் லாபமும்

யுத்தத்துக்குப் புறப்படும்போது சிப்பாய்க்கு மாலை. காயம்பட்டுத் திரும்பினால் மனுக் காகிதம். முதலாளித்துவ சர்க்கார்களின் வழக்கம் இதுதான். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில் 2007-ல் அம்பலமான விவகாரம் இதற்குத் தக்க சாட்சியம்.

பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லி 2003-ல் புஷ் சர்க்கார் இராக்மீது படையெடுத்தது. அந்த ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. 2004 நவம்பரில் பலூஜா நகரில் வீடு வீடாக, அறை அறையாகச் சண்டை நடந்தது. கதவை உடைத்து நுழைந்தால் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி. ஜனங்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டு ஓடினார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் நாசமாயின. அந்த ஜனங்களுக்கு இழைத்த கொடுமையை நாம் மறக்கமாட்டோம். ஆனால் அங்கே அனுப்பப்பட்ட சிப்பாய்கள் யார்? கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைகளா? சம்பளத்துக்கும் கல்லூரிச் செலவுக்கும் வழி தேடிப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் அவர்களில் ஏராளம்.

முந்தைய யுத்தங்களில் மாண்டிருக்கக்கூடிய பலர் இந்த யுத்தத்தில் பிழைத்தார்கள். விமானத்தில் ஜெர்மனிக்கும், அங்கிருந்து சில நாட்களில் அமெரிக்காவுக்கும் கொண்டுவரப்பட்டார்கள். அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர்களையும் நர்சுகளையும் நாம் குறை கூறவில்லை. ஆனால் தையல் பிரித்ததோடு காயம் தீர்ந்துவிடுமா? காலை இழந்தவனுக்குச் செயற்கைக் கால் பொருத்தினால், மிச்சமுள்ள கால் சுருங்கச் சுருங்க அதை மாற்றிப் பொருத்த வேண்டும். வெடி அதிர்ச்சியில் மூளை பாதிக்கப்பட்டவனுக்கு ஞாபகம் தவறும், தலைவலி விடாது, தூக்கம் வராது. வருஷக் கணக்கில் கவனிப்பு வேண்டும்.

கிடைத்தது என்ன? படுக்கையைவிட்டு எழுந்த சுமார் 700 பேர் வெளிநோயாளிகளாக வால்டர் ரீட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தங்கியிருந்தார்கள். 2007 பிப்ரவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை அவர்கள் கதியை வெளியிட்டது. அவர்களில் பலரைத் தங்கவைத்த 18-ம் எண் கட்டடத்தில் பூஞ்சணம் பூத்த சுவர், எலிப் புழுக்கை, கரப்பான் பூச்சி. சிகிச்சை நடைமுறையில் சேர்ந்து வெளியேற ஒரு சிப்பாய் 22 தஸ்தாவேஜுகளை 8 பிரிவுகளுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஞாபகம் தவறியவனே தன் காகிதங்களைச் சுமந்துகொண்டு அலைய வேண்டும்!

இது சில அதிகாரிகளின் அசட்டை மட்டுமா? இல்லை. யுத்தம் நீண்டது, காயம்பட்டோர் தொகை பெருகியது. அதே சமயத்தில் ஆஸ்பத்திரியைப் பராமரிக்கும் ஆட்கள் குறைந்தார்கள். பராமரிப்பு வேலை 2006 ஜனவரியில், ஐந்தாண்டுக்கு 12 கோடி டாலர் என்று ஒரு தனியார் கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் விடப்பட்டது. அதற்குமுன் அந்த வேலையில் 300-க்கு மேற்பட்ட சர்க்கார் ஊழியர்கள் இருந்தார்கள். வேலை பறிபோகும் என்றால் அனுபவமுள்ள தொழிலாளி எத்தனை நாள் காத்திருப்பான்? 2007 பிப்ரவரியில் கம்பெனி பொறுப்பேற்றபோது மிஞ்சியவர்கள் 60-க்கும் குறைவு. அவர்களுக்குப் பதிலாகக் கம்பெனி வைத்தது 50 பேரை! ஆட்கள் இப்படிப் போனால் நோயாளிகளின் கவனிப்பே சீர்குலையும் என்று ஆஸ்பத்திரி நிர்வாகத்திலிருந்தே 2006-ல் எச்சரிக்கை போயிற்று. மேலிடம் செவிசாய்க்கவில்லை.

விஷயம் சந்தி சிரித்த பிறகு ஆஸ்பத்திரித் தளபதியை நீக்கினார்கள். ராணுவச் செயலாளர் பிரான்சிஸ் ஹார்வி 2007 மார்ச்சில் ராஜிநாமா செய்தார். சுவருக்கு வர்ணம் பூசினார்கள். சுவருக்குப் பூசிவிடலாம், ஆட்குறைப்புக் கொள்கைக்குப் பூசிவிட முடியுமா?

தோழர்களே! மெஷினில் விரலை இழந்த மில் தொழிலாளிக்கும், கதிரடிக்கும் இயந்திரத்தில் கையைப் பறிகொடுத்த விவசாயத் தொழிலாளிக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் கட்டுப்போட எல்லோரும் ஓடிவருவார்கள். ஆறாம் மாதம் எட்டிப் பார்ப்பது யார்?

காயத்துக்குப் பிந்திய வைத்தியம் தர்மம் அல்ல, உரிமை. ஆயுள் உள்ளவரை அதை அளிப்பது, சிப்பாயைச் சண்டைக்கு அனுப்பிய சர்க்காரின் கடமை. ஆஸ்பத்திரிக் கூட்டுமாறு முதல் மருந்துச் சீட்டு வரை எதுவும் காண்ட்ராக்ட் லாபத்துக்கு இரையாகக் கூடாது. அங்கே வேலையிழந்த ஊழியனும் கவனிப்பின்றிக் கிடந்த சிப்பாயும் ஒரே கொள்கையால் அடிபட்டவர்கள். இருவரும் கைகோத்து நின்றால்தான் இருவருக்கும் விமோசனம். யுத்தத்துக்குப் பணம் உண்டு, யுத்தக் காயத்துக்குப் பணம் இல்லை என்னும் சர்க்காரை, எந்த நாட்டில் இருந்தாலும், உழைக்கும் மக்கள் கணக்குக் கேட்டே தீரவேண்டும்.