முகவரி வாங்கியவர் வேறு, பெயர் சம்பாதித்தவர் வேறு

கடைத்தெருவில் ஒருவர் நம் கடையின் பெயரைச் சற்றே மாற்றிப் பலகை வைத்தால், பழைய வாடிக்கையாளர் எளிதில் ஏமாற மாட்டார். கல்லாவில் இருப்பவரின் முகமும் சரக்கின் மணமும் அவருக்குப் பழக்கம். இணையத்தில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. அங்கே கடை என்பதே பத்துப் பன்னிரண்டு எழுத்துகள்தான். அதில் ஓர் எழுத்தைக் கூட்டியோ, ‘.காம்’ என்பதை ‘.இன்’ என்று மாற்றியோ போட்டியாளர் ஒரு முகவரியை வாங்கிவிட்டால், நம்மைத் தேடி வருபவர் அவர் வாசலில் போய் நிற்பார்.

தமிழ்ப் பெயர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ‘வள்ளி’யை ஆங்கில எழுத்தில் எழுத ‘எல்’ ஒன்றா, இரண்டா? ‘ழ’கரத்துக்கு ‘இசட் எச்’ போடுவதா, வெறும் ‘எல்’ போதுமா? ஆளுக்கொரு வழக்கம். வாடிக்கையாளர் காதால் கேட்ட பெயரைக் கைக்கு வந்தபடி தட்டச்சு செய்கிறார். எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றாக இருந்தால் குழப்பம் உறுதி.

இந்த உண்மையை இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் 2004 மே 6 அன்றே ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கைத் தொடுத்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம். தன் பெயரின் எழுத்துகளைக் கோத்து ‘சிஃபி’ என்ற சொல்லை உருவாக்கி, 1999 முதல் அதை இணைய முகவரிகளில் பயன்படுத்தி வந்தது. பின்னால் வந்த இன்னொரு நிறுவனம், ‘எஃப்’ என்ற எழுத்தை இரட்டித்து ‘சிஃபிநெட்’ என்று முகவரிகளைப் பதிவுசெய்தது. எங்கள் ஐந்து நிறுவனர்களின் பெயர்களிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்ததால் வந்த சொல் இது என்று அந்த நிறுவனம் வாதிட்டது. பெங்களூரு உரிமையியல் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை விலக்கியது. உச்ச நீதிமன்றம் மீண்டும் தடை விதித்தது.

நீதிபதி ரூமா பால் எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான்: இணைய முகவரி என்பது வெறும் முகவரி அல்ல, வணிகப் பெயருக்குரிய தன்மைகள் அதற்கும் உண்டு. ஆகவே, ஒருவர் தம் சரக்கைப் பிறருடையதுபோலக் காட்டி விற்பதைத் தடுக்கும் சட்டநெறி இங்கும் பொருந்தும். முதலில் வந்து பணம் கட்டியவருக்கு முகவரி கிடைக்கும். ஆனால், அந்தப் பெயரை மக்களிடம் நிலைநாட்டியவருக்கே உரிமை சேரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஊர்ப் பெயரையும் பண்டத்தின் பெயரையும் சேர்த்து முகவரி வைத்துக்கொண்டு, அது எனக்கு மட்டுமே சொந்தம் என்று ஒருவர் சொல்ல முடியாது. ‘ஷாதி.காம்’ திருமணத் தகவல் தளத்தின் நிறுவனம், ‘செகண்ட் ஷாதி’ என்ற தளத்துக்கு எதிராகத் தடை கேட்டபோது, பம்பாய் உயர் நீதிமன்றம் 2016இல் மறுத்துவிட்டது. ‘ஷாதி’ என்றால் திருமணம். திருமணத் தளம் நடத்தும் எவரும் புழங்கக்கூடிய சொல் அது. எல்லோருக்கும் பொதுவான சொல்லை ஒருவர் வேலி போட்டு அடைப்பதும் அநியாயமே. தொழில் தொடங்கும்போதே தனித்துவமான பெயரைத் தேர்ந்தெடுப்பவருக்குப் பாதி வழக்கு வென்ற மாதிரி.

பாதிக்கப்பட்டவர் முதலில் செய்ய வேண்டியது போட்டியாளரைத் திட்டுவது அல்ல, சான்று திரட்டுவது. அந்த முகவரி எந்தத் தேதியில் பதிவானது, அதற்கு முன்பே நம் பெயர் புழக்கத்தில் இருந்ததற்குப் பழைய ரசீதுகளும் விளம்பரங்களும் உள்ளனவா, வழி மாறிப் போன வாடிக்கையாளர் யாரேனும் எழுத்தில் முறையிட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அந்தத் தளத்தின் பக்கங்களைத் தேதியுடன் படமெடுத்து வைக்க வேண்டும். முகவரியை விட்டுத்தரப் போட்டியாளர் பெருந்தொகை கேட்டால், அதுவே அவரது உள்நோக்கத்துக்குச் சான்றாகலாம். அடுத்தது வழக்கறிஞர் வழியாக நோட்டீஸ். தாமதம் கூடாது, ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் நீதிமன்றம் முதலில் கேட்பது, இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர் என்பதைத்தான்.

நீதிமன்றம் போகாமலும் தீர்வு உண்டு. ‘.காம்’ முகவரி என்றால், 1999இல் உருவான சர்வதேச விதிப்படி உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் முறையிடலாம். பெயர் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிவுசெய்து பயன்படுத்துகிறார் என்ற மூன்றையும் நிரூபிக்க வேண்டும். வென்றால் முகவரி கைக்கு வரும் அல்லது ரத்தாகும், இழப்பீடு கிடைக்காது. ‘.இன்’ முகவரிக்கு இந்திய தேசிய இணையப் பரிமாற்றகமான ‘நிக்ஸி’யின் நடுவர் முறை இருக்கிறது.

இங்கேதான் என் மனக்குறை. சர்வதேச அமைப்பில் ஒரே நடுவர் விசாரிக்கவே 1,500 டாலர் கட்டணம். ஈரோட்டில் துணி விற்பவரோ மணப்பாறையில் முறுக்கு சுடுபவரோ இதை எப்படித் தாங்குவார்? நடைமுறை முழுக்க ஆங்கிலத்தில் இருந்தால் எந்தத் துணிவில் அந்தப் படியேறுவார்? முகவரி மோசடிக்கென்றே அமெரிக்கா 1999இல் தனிச் சட்டம் இயற்றியது. நம்மிடம் அப்படியொரு சட்டம் இல்லை என்று 2004 தீர்ப்பே சொன்னது. இன்றும் பொதுவான வணிகக்குறிச் சட்டத்தைக் கொண்டே சமாளிக்கிறோம்.

வணிகர்களும் தம் பங்கைச் செய்ய வேண்டும். தளம் வடிவமைத்துக் கொடுத்தவரின் பெயரிலேயே முகவரியையும் விட்டுவைப்பவர்கள் நம்மிடையே ஏராளம். முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதி நினைவில் இருக்கட்டும். தனிநபரும் சிறு தொழில் நடத்துபவரும் சரக்கு அல்லது சேவையின் ஒரு வகைக்கு 4,500 ரூபாய் கட்டி இணையவழியிலேயே வணிகக்குறிப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பதிவான குறி மீறப்பட்டால், எதிராளியின் ஊருக்கு அலையாமல், தாம் தொழில் நடத்தும் இடத்து நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரச் சட்டம் வழிவிடுகிறது.

அரசு செய்ய வேண்டியது இரண்டு: முகவரி மோசடிக்கு இழப்பீட்டோடு கூடிய தெளிவான சட்டப்பிரிவு, சிறு வணிகருக்குக் குறைந்த கட்டணத்தில், தாய்மொழியில் முறையிட ஒரு வழி. நாணயமாக உழைத்துச் சேர்த்த பெயரை ஓர் எழுத்தைக் கூட்டி இன்னொருவர் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தப் பாதுகாப்பு மணப்பாறை முறுக்குக் கடைக்காரருக்கும் எட்ட வேண்டும்.