காட்சி போதாது, சாட்சி வேண்டும்



2023 மார்ச் முதல் வாரம். திருப்பூரில் நான் வேலை பார்க்கும் வங்கியில் பணம் எடுக்கும் கவுன்டர் முன்னால் வழக்கத்துக்கு மாறான கூட்டம். எல்லாரும் வடமாநிலத் தொழிலாளர்கள். ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்கள் வருசா வருசம் வருவார்கள்தான். வேண்டிய அளவுக்கு எடுத்துக்கொண்டு மீதியைக் கணக்கில் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த வாரம் வந்தவர்கள் கணக்கைத் துடைத்து எடுத்தார்கள்.

"பூரா பணம் குடுங்க சார், திரும்ப வரமாட்டேன்" என்றார் ஒரு தம்பி. இருபது வயது இருக்கும். காஜா பட்டன் மெசின் ஓட்டுகிறவர். தமிழ்நாட்டில் இந்திக்காரர்களை வெட்டுகிறார்கள் என்று பீகாரில் இருக்கும் அவருடைய அம்மா கைபேசியில் வீடியோ பார்த்திருக்கிறார். நீ உயிரோடு வந்தால் போதும் என்று அழுதிருக்கிறார். "இங்க உன்னை யாராச்சும் அடிச்சாங்களா?" என்று கேட்டேன். "இல்ல சார். ஆனா வீடியோ இருக்கு" என்றார்.

பக்கத்து சீட்டு நண்பர் என் பக்கம் குனிந்து சொன்னார்: "உடுங்க சார், போனாப் போறாங்க. நம்ம பசங்களுக்கு வேல கெடைக்கும்."

நான் பதில் சொல்லவில்லை. பணம் எடுக்கும் சீட்டுகளில் உள்ள பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராம். மாஞ்சி. பாஸ்வான். ரவிதாஸ். நமக்கு இவர்கள் எல்லாரும் 'இந்திக்காரன்'. அந்த மண்ணில் இந்தப் பெயர்களைச் சொன்னால் எந்தத் தெருவில் வீடு என்று தெரிந்துவிடும். செத்த மாட்டின் தோலைத் தொட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் அங்கே ரவிதாசின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். அதே தோலைத் தொட்டதற்காகத்தான் இங்கே என் தாத்தன் ஊர்க் கிணற்றில் இறங்கக்கூடாது என்றார்கள். பாஸ்புக்கில் கையெழுத்துச் சரிபார்க்கிற நான், என் பங்காளிகளைத்தான் வரிசையில் நிற்கவைத்துப் பணம் கொடுத்து வழியனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு ஜனவரி கடைசியில் இன்னொரு வீடியோ சுற்றியது. திருப்பூர் வீதியில் வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாகச் சேர்ந்து உள்ளூர்க்காரர்களைத் துரத்துகிற காட்சி. டீக்கடைத் தகராறு ஒன்றின் துண்டு அது. முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்பது அதில் இல்லை. 'தமிழன் சொந்த ஊரில் அடி வாங்குகிறான்' என்று தலைப்புப் போட்டு வந்தது. நானும் அதை நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன். எங்கள் வளவில் உட்கார்ந்து அனுப்பிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்: "ஏஞ்சாமி, இத நீ கண்ணுல பாத்தியா?" பனியன் கம்பெனியில் முப்பது வருசம் பிசிர் வெட்டியவள். டேமேஜ் பீசைப் பார்க்காமல் கட்டில் சேர்த்தால் மொத்தக் கட்டும் திரும்பி வரும் என்று தெரிந்தவள். கவிதை எழுதுகிற நான், பட்டம் வாங்கிய நான், அந்தக் கேள்விக்கு எரிச்சல்பட்டேன்.

ஜனவரியில் போன கட்டு மார்ச்சில் திரும்பி வந்தது.

மார்ச்சில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் ஒரு கைபேசி அரசியலை, தொழிலை, பத்திரிகையை எப்படி ஆட்டுகிறது என்பதற்கு நம் ஊரைவிட நல்ல பாடம் வேறு கிடைக்காது. பீகாரிகள் தாக்கப்படுவதாகச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று பீகார் தொழிலாளர்களே இரண்டு குழுவாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபு விளக்கினார். பாட்னாவில் ஒரு வீட்டில் கட்டுப்போட்டு நடித்து எடுத்த வீடியோவும் இருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது பீகார் காவல்துறை. ஆனால் அதற்குள் தைனிக் பாஸ்கர் போன்ற பெரிய நாளிதழே செய்தி போட்டுவிட்டது. உத்தரப்பிரதேச பாரதிய ஜனதாவின் செய்தித் தொடர்பாளர் ஒருவர் தொழிலாளர்களைக் கொன்றுவிட்டார்கள் என்று எழுதினார். பிறகு உச்ச நீதிமன்றம் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. பீகார் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியாக இருந்த அதே கட்சி அமளி செய்தது. முதல்வர் ஸ்டாலின் நிதிஷ்குமாரோடு பேசினார். பீகார் அரசு நான்கு பேர் கொண்ட குழுவைத் திருப்பூருக்கு அனுப்பியது. வீடியோ பரப்பியதற்காகக் கைதான பீகார் யூடியூபர் மணீஷ் காஷ்யப் 2024 ஏப்ரலில் பாரதிய ஜனதாவில் சேர்ந்தார். யாருக்கு என்ன இலாபம் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற நகரம் நடுங்கிப்போனது. மெசின் இருக்கிறது, நூல் இருக்கிறது, ஆர்டர் இருக்கிறது. உட்கார ஆள் இல்லை என்ற பயம். இந்தியில் உதவி எண்கள் வந்தன. இந்தியில் நோட்டீசு வந்தது. நீங்கள் எங்கள் சகோதரர்கள் என்றார்கள். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நடக்காத கொலைக்கு ஒரு வாரத்தில் இவ்வளவு அவசரம் வந்ததே, நடந்த கொலைகளுக்கு எத்தனை நாளில் வந்தது?

இதே திருப்பூர் மாவட்டம். 2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கரை வெட்டினார்கள். செய்த குற்றம், ஆதிக்க சாதிப் பெண்ணைக் காதலித்துத் திருமணம் செய்தது. கௌசல்யாவையும் வெட்டினார்கள். கண்காணிப்புக் கேமராவில் எல்லாம் பதிவாகி, அன்றைக்கே நாடு முழுக்கப் பார்த்தது. அது பொய் வீடியோ அல்ல. எத்தனை பேர் அதைப் பார்த்து அழுதார்களோ, அதே காட்சியைப் பெருமையாகப் பகிர்ந்து மீசை முறுக்கியவர்களும் இருந்தார்கள். காட்சி தன்னளவில் யார் பக்கமும் நிற்பதில்லை. பார்க்கிறவனின் சாதிதான் அதற்குத் தலைப்புப் போடுகிறது.

கோகுல்ராஜ் கொலையையும் நினைத்துப் பாருங்கள். 2015 ஜூன் 23, திருச்செங்கோடு. தலைமறைவாக இருந்த யுவராஜ் மாதக்கணக்கில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார். காவல்துறையால் கண்டுபிடிக்க முடியாத ஆளின் பேச்சு கொங்குநாட்டுப் பெட்டிக்கடைகளில் ஒலித்தது. சாமானியனின் கையில் ஊடகம் வந்துவிட்டது, இனி எல்லாரும் சமம் என்று குதூகலித்தவர்களுக்கு அதுதான் பதில். கருவி புதுசு. அது போகிற வழி பழசு. சாதிச் சங்கமும் கல்யாண மண்டபமும் கோயில் கமிட்டியும் போட்டு வைத்த பாதையில்தான் அது வேகமாக ஓடுகிறது.

ஆனால் அந்த வழக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. முக்கிய சாட்சி பிறழ் சாட்சி ஆனபோதும் திருச்செங்கோடு கோயிலின் கேமரா பிறழவில்லை. கோகுல்ராஜ் அங்கே வந்ததும் அவர்கள் அவரை அழைத்துப் போனதும் அதில் இருந்தன. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. ஒரு தாயின் பிடிவாதமும், வழக்கறிஞர்களின் உழைப்பும், முறையாக எடுத்து முறையாகப் பாதுகாத்த பதிவும் சேர்ந்தபோது காட்சி சாட்சி ஆனது. அமெரிக்காவில் 2020 மே மாதம் ஜார்ஜ் பிளாய்டைக் கழுத்தில் முட்டி வைத்துக் கொன்றபோதும் போலீசின் முதல் அறிக்கை உடல்நலக் குறைவால் இறந்ததுபோலத்தான் சொன்னது. தெருவில் நின்ற ஒரு கருப்பினச் சிறுமி கைபேசியை இறக்காமல் கடைசிவரை பிடித்திருந்தாள். நீதிமன்றத்தில் நின்று சாட்சியும் சொன்னாள்.

பத்திரிகைகளைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 2006 செப்டம்பர் 29 அன்று மகாராட்டிரத்தின் கயர்லாஞ்சியில் ஒரே குடும்பத்தில் நான்கு பேரைக் கொன்றார்கள். பெரிய பத்திரிகைகள் அதைச் சாதி வன்கொடுமை என்று வாய்விட்டுச் சொல்ல வாரக்கணக்கானது. தலித் மக்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் தலைப்புச் செய்தி. ஏன் என்று கேட்டால் எண்ணிக்கையே பதில் சொல்லும். 1996-ல் பி.என். உனியால் தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடி ஒருவரும் கிடைக்கவில்லை என்று 'பயனியர்' நாளிதழில் எழுதினார். 2019-ல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வில், பார்த்த 121 ஆசிரியர் குழுத் தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினர் கையில்; தலித், ஆதிவாசி ஒருவர்கூட இல்லை. இருபத்துமூன்று வருசத்தில் அச்சு எந்திரம் மாறியது, திரை மாறியது, நாற்காலி மாறவில்லை.

அதனால்தான் நம் முன்னோர் அடுத்தவன் பத்திரிகையின் வாசலில் நிற்கவில்லை. மூகநாயக் பற்றிய அறிவிப்பைக் காசு கொடுத்தும் போட மறுத்தது திலகரின் 'கேசரி'. 1920 ஜனவரி 31-ல் அண்ணல் அம்பேத்கர் தன் பத்திரிகையை நடத்தத் தொடங்கினார். அதற்கு முன்பே 1907-ல் அயோத்திதாசர் ஒரு பைசா விலையில் தமிழனைக் கொண்டுவந்தார். அதற்கும் முன்னால் 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன், வசைச்சொல்லையே தலைப்பாக்கிப் 'பறையன்' என்று பத்திரிகை தொடங்கினார். அவர் எழுதியதோடு நிற்கவில்லை. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவில் நடத்தினால் சாதி இந்துக்களே அதிகாரிகளாக வந்து நம் தலைமேல் உட்காருவார்கள் என்று கூட்டம் கூட்டி, 3,412 பேரிடம் கையொப்பம் வாங்கி, 112 அடி நீள மனுவை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். 3,412 கையெழுத்து! ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு தெரு, ஒரு துணிச்சல் இருந்திருக்க வேண்டும். கட்டைவிரலால் தள்ளி அனுப்புவதற்கும் அதற்கும் உள்ள தூரம்தான் நாம் இன்று கடக்க வேண்டியது.

கடக்க முடியாததல்ல. 2018 ஜூலையில் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் பணிந்து அவரை இடம் மாற்றினார்கள். செய்தி பரவியது, பரவியதோடு நிற்காமல் இயக்கங்கள் நேரில் போய் உட்கார்ந்தன. மாறுதல் ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2021 ஜனவரியில் திருப்பூர் நிறுவனம் ஒன்றின் திண்டுக்கல் மாவட்ட ஆலையில் வேலை செய்த தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் ஆலையின் மேற்பார்வையாளர். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் டிடிசியு தொழிற்சங்கம் சக தொழிலாளிகளின் வாக்குமூலங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வெளியுலகத்துக்குக் கொண்டுபோனது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம் போன்ற பன்னாட்டு நிறுவனங்களும் கட்டுப்பட வேண்டிவந்தது. பதினைந்து மாதம் ஆனது. ஆனால் பொய்போலக் கரைந்துபோகவில்லை.

ஆகவே இந்த இதழிலிருந்து ஒரு பக்கத்தை ஒதுக்குகிறோம். பெயர் 'பதிவேடு'. அதில் கவிதை வராது, என் கவிதையும் வராது. தோழர்கள் செய்ய வேண்டியது இதுதான். கொடுமை நடந்தால் எடுங்கள். வெட்டாமல் ஒட்டாமல் முழுசாக எடுங்கள். நாள், நேரம், இடம், பார்த்தவர் யார் என்பதை அன்றைக்கே தாளில் எழுதுங்கள். பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் அவர் முகத்தை ஊருக்குக் காட்டாதீர்கள். எடுத்த கைபேசியைப் பத்திரமாக வையுங்கள். மின்னணுப் பதிவு நீதிமன்றத்தில் செல்ல, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவும் சான்றிதழ் கேட்கிறது. புகார் கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் காவல் நிலையத்தைவிட்டு வெளியே வராதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016-லிருந்து நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, வழக்கு நடவடிக்கைகள் முழுவதையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டிருக்கிறோம்? மற்றவர் எடுத்த வீடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடும் நாம், சட்டம் நமக்குத் தந்த வீடியோவைக் கேட்டு வாங்குவதில்லை.

காஜா பட்டன் தம்பி திரும்பி வந்தாரா என்று கேட்பீர்கள். தெரியாது. அவர் கணக்கில் சில ரூபாய் மிச்சம் கிடந்தது. அந்த வருசம் முழுக்க எப்போதாவது அதைப் பார்ப்பேன், அசையவில்லை. அன்றைக்கு அவரிடம், உன்னை விரட்டிய வீடியோவுக்கு முந்தைய வீடியோவை அனுப்பியவர்களில் நானும் ஒருவன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அடுத்த முறை கைபேசியில் ஏதாவது வரும். இரத்தம் கொதிக்கும். நம் ஆட்கள் என்றோ, நம் எதிரி என்றோ தலைப்பு இருக்கும். விரலை ஒரு நிமிசம் நிறுத்தி, என் அம்மா கேட்டதைக் கேளுங்கள், தோழர்களே.

இத நீ கண்ணுல பாத்தியா?

பார்த்திருந்தால், அனுப்பிவிட்டு மறந்துபோகாதீர்கள். வந்து சாட்சி சொல்லுங்கள்.