விழுந்தது விமானம்! தப்பினான் சிறுவன்!

நேற்று மாலை, வடசென்னையில் ஒரு விளையாட்டுத் திடல். பாலிடெக்னிக் பையன்கள் மூணு பேர் தாங்களே செய்த தெர்மோகோல் விமானத்தை ரிமோட்டில் பறக்க விட்டார்கள். விர்ரென்று கிளம்பியது. மூன்றாவது சுற்றில் காற்று தள்ள, தலைகுப்புற விழுந்தது. பந்து விளையாடிய சிறுவனுக்கு ஓரடி தள்ளி!

மூக்கு நொறுங்கியது. பையன்கள் சளைக்கவில்லை. ஃபெவிக்விக் பட்டால் தெர்மோகோல் கரைந்துவிடுமாம். குளூ கன் பசையைச் சூடு தணியவிட்டு ஒட்டி, டேப் சுற்றினார்கள். இறக்கையின் அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கி எடை பார்த்தார்கள். வால் கனத்தால் மறுபடி விழுமாம். நசுங்கிய பேட்டரியை மட்டும் தூர மணலில் வைத்தார்கள். “தீப்பிடிக்கும் சார்” என்றான் ஒருவன். பலே!

இவர்களை விரட்டலாமா? கூடாது. பொழுதுபோக்கு மாடல் விமானத்துக்கு 2021 ட்ரோன் விதிகள் வகைச் சான்று கேட்கவில்லை. விமான நிலையம் பக்கம் அனுமதியில்லாமல் விடக்கூடாது. ஆனால், சுழலும் விசிறி அந்தச் சிறுவன் கண்ணில் பட்டிருந்தால்? மாஞ்சா நூல் கழுத்தறுத்ததைப் பார்த்த ஊராச்சே இது!

ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒரு திடலை ஒதுக்கி, கயிறு கட்டி ஆட்களை விலக்கினால் போதும். மாநகராட்சி கவனிக்குமா?