காய்ச்சாத பாலும் வயிற்றுக் கச்சேரியும்

பால் வெள்ளையாக இருக்கும் என்பதைத் தவிர, அதைப் பற்றி நம் ஜனங்கள் ஒத்துப்போகிற விஷயம் வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ராத்திரி குடித்தால் நல்ல தூக்கம் வரும் என்பார் ஒருவர். சளி பிடிக்கும் என்பார் அடுத்தவர். எருமைப் பால் குடித்தால் புத்தி மந்தம் என்பார் மூன்றாமவர், எருமைப் பாலில் போட்ட காபியை உறிஞ்சிக்கொண்டே!

இந்த வரிசையில் இப்போது பிரமாதமாக அடிபடுவது பச்சைப் பால். அதாவது, அடுப்பையே கண்ணால் பார்க்காத பால். 'கறந்த சூட்டோடு குடி. காய்ச்சினால் அதிலுள்ள உயிரெல்லாம் செத்துவிடும்' என்று வாட்ஸ்அப்பில் தினம் ஒரு மகான் உபதேசம் செய்கிறார். உயிர் சாகும் என்பது வாஸ்தவம். எந்த உயிர் என்பதுதான் கேள்வி.

எங்கள் தெருவில் ஒரு ரிடையர்டு ஆபீசர். ஒரு டம்ளர் பால் உள்ளே போனால் போதும், அரை மணியில் வயிறு தவில் வாசிக்க ஆரம்பித்துவிடும்.

"எல்லாம் காய்ச்சிக் குடிக்கறதால வந்த வினை சார்! பச்சைப் பால்ல அதை ஜீரணம் பண்ற என்ஸைம் அதுலயே இருக்காம். நாளையிலேர்ந்து செம்பை எடுத்துண்டு மாட்டுக் கொட்டகைக்கே போயிடப் போறேன். பேரனையும் கூட்டிண்டு போறேன். நாலு வயசு, சோனியா இருக்கான்."

"நீங்க போறதுன்னா போங்க. பேரனை விட்டுடுங்க சார்."

"ஏன், அவனுக்கு வயிறு நன்னாத்தானே இருக்கு?"

"அதனாலதான் சொல்றேன்."

முதலில் தவில் வித்வான் யார் என்று பார்த்துவிடலாம். ஒரு டம்ளர் பசும்பாலில் சுமார் 10 கிராம் லாக்டோஸ் என்கிற சர்க்கரை இருக்கிறது. இதை உடைப்பதற்குச் சிறுகுடலில் லாக்டேஸ் என்று ஒரு என்ஸைம். கைக்குழந்தைக்குத் தாராளமாகச் சுரக்கும். தாய்ப்பால் மறந்த பிறகு, உலகத்தில் பெரும்பாலோருக்கு இது மெல்ல மெல்ல வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. வட ஐரோப்பியர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஆயுசுக்கும் சுரக்கிறது. தென்னிந்தியாவில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குறைந்துவிடுகிறது. உடைபடாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே வாடகை தராமல் குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுக்கு விருந்து. பந்தி முடிந்ததும் வாயு. அப்புறம் பொருமல், கடமுடா, சமயத்தில் ஓட்டம்.

காய்ச்சினாலும் காய்ச்சாவிட்டாலும் இந்தப் பத்து கிராம் அப்படியேதான் இருக்கும். பசு தன் பாலில் லாக்டேஸ் கலந்து கொடுப்பதில்லை. கன்றின் குடலில் அது இருக்கும்போது இதற்கென்ன தலையெழுத்து?

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இதைப் பரீட்சித்தே பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். பால் ஒத்துக்கொள்ளாத 16 பேருக்கு எட்டு நாள் பச்சைப் பால், எட்டு நாள் பாஸ்சரைஸ் செய்த பால், எட்டு நாள் சோயா பால். குடலில் ஜீரணமாகாத சர்க்கரை புளித்தால் ஹைட்ரஜன் உண்டாகி மூச்சோடு வெளியே வரும், அதை அளந்தார்கள். வயிறு என்ன பண்ணுகிறது என்றும் விசாரித்தார்கள். பச்சைப் பால் எந்த விதத்திலும் ஒசத்தியாகத் தெரியவில்லை. 16 பேர் என்பது நம்மூர் நிச்சயதார்த்தத்தில் முதல் பந்திக்குக்கூடக் காணாதுதான். ஆனாலும் மகானின் வாட்ஸ்அப்பில் அந்தப் பதினாறும் இல்லையே!

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். இதில் தமாஷ் இல்லை.

மாட்டின் மடி இருக்கும் இடம் அப்படி. பக்கத்திலேயே சாணம், ஈ, கறப்பவரின் கை. மாடு பார்க்க லட்சணமாக இருந்தாலும் பாலில் கிருமி வரலாம். கன்று வீச்சு நோய் என்று மாட்டுக்காரர்கள் சொல்வார்களே, அந்த புரூசெல்லா கிருமி காய்ச்சாத பால் வழியாக மனிதனுக்கும் வரும். விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூட்டுவலி என்று மாதக்கணக்கில் படுத்தும். மாட்டுக் காசநோயும் இதே வழியில்தான் வரும். ஈ.கோலை வகையில் O157 என்று ஒரு துஷ்டன் உண்டு. ரத்தபேதியில் ஆரம்பித்து, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சிலருக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். 2024-ல் அமெரிக்க மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தபோது, அந்த வைரஸும் கறந்த பாலில் கும்பலாக இருந்தது.

'காய்ச்சினால் சத்து போய்விடாதா?' கால்சியம் எங்கும் போகாது. புரோட்டீனும் இருக்கும். பி வகை வைட்டமின்களில் கொஞ்சம் குறையும். அதற்காகச் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பது எந்த ஊர் கணக்கு?

வயிறு தவில் வாசிக்கிறவர்களுக்கு வழி வேறு இருக்கிறது. அரை டம்ளராகக் குறைத்து, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்துப் பார்க்கலாம். பலருக்கு அது தொந்தரவு செய்வதில்லை. அதைவிட, காய்ச்சி ஆறின பாலில் உறை ஊற்றின தயிர். உறையிலுள்ள பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பங்கை முன்னாடியே தீர்த்துவிடுகின்றன. மிச்சத்தை உடைக்கவும் நம் குடலுக்குள் வந்து ஒத்தாசை செய்கின்றன. மோர் சாதம் சாப்பிட்டு எழுந்தவர் பாலுக்குப் பயப்படுவதன் ரகசியம் இதுதான். எடை குறைகிறது, மலத்தில் ரத்தம் என்றால் மட்டும் பால், தயிர் ஆராய்ச்சியை விட்டுவிட்டு டாக்டரிடம் போய்விட வேண்டும்.

பாஸ்சரைஸ் செய்வதற்கு 72 டிகிரி சென்டிகிரேடில் 15 விநாடி போதும். நம் வீட்டில் நேரே கொதிக்கவே வைக்கிறோம். ஒரு கொதி வந்தால் கிருமிகள் காலி. அந்த ஒரு கொதி, அடுப்பைப் பார்த்துக்கொண்டே நிற்கும்வரை வராது. வாசலில் காலிங் பெல் அடித்ததும் வந்து, மேடையெல்லாம் வழிந்திருக்கும்.