குளிரூட்டும் கருவி வந்தால் போதுமா?

பிறக்கையில் மூச்சுத்திணறிய சிசுவுக்குக் குளிரூட்டும் கருவி வாங்கிக் கொடுத்தால் மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சான் தாய்மாருக்கு விடிவு வந்துவிடும் என்ற வாதம் ஆபத்தானது.

சிசுவின் உடலைக் குளிர்விப்பது மேலைநாடுகளில் பலன் தந்த சிகிச்சைதான். ஆனால் இந்தியா, இலங்கை, பங்களாதேஷில் 408 சிசுக்களிடம் நடந்து 2021இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வில், குளிர்வித்த சிசுக்களில் 42 சதவீதம் இறந்தன; குளிர்விக்காதவற்றில் 31.

கருவிக்கு முன் வேண்டியது தாதி. பிறந்த முதல் நிமிடத்தில் முகமூடி பொருத்தி மூச்சூட்டுவது தாதியின் கை. கண் செருகுவதையும், உதடு சப்புவதையும், சைக்கிள் மிதிப்பதுபோல் கால் அசைவதையும் வலிப்பென்று பிடிப்பது அவரது கண். சர்க்கரை குறையாமல், உடற்சூடு ஏறாமல் காப்பதும் அவரே. இரவில் ஒரே தாதி எத்தனை தொட்டிலைப் பார்ப்பார்?

மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவைச் சுற்றித் திருகோணமலைக்கு ஓடும் அம்புலன்சில் சிசுவுடன் ஏறுபவருக்கு முதலில் பயிற்சி கொடுங்கள்.