பொற்காலம் யாருக்கு?

பக்தாத் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே வரலாற்று நூல்கள் பரவசம் கொள்கின்றன. 762இல் கலீபா அல் மன்சூர் வட்ட வடிவில் எழுப்பிய மாநகரம். ஹாரூன் அல் ரஷீதின் (786–809) அரண்மனை. அல் மாமூனின் (813–833) அறிஞர் அவை. 'பொற்காலம்' என்ற ஒரே சொல்லுடன் பாடம் முடிந்துவிடுகிறது. அந்தப் பொன்னை விளைவித்தவர் யார் என்னும் வினா மட்டும் எழுவதேயில்லை. அவ்வினாவையே நாம் எழுப்ப விரும்புகிறோம்.

அப்பாசியரின் கருவூலத்தை நிரப்பியவர்களுள் முதன்மையானவர்கள் தென் ஈராக்கின் உழவர்கள். தைகிரிசு, யூப்பிரடீசு நதிகளின் நீர் பாய்ந்த வயல்களில் விளைந்தது 'கராஜ்' என்னும் நிலவரியாக அரண்மனை சென்றது. ஹாரூனின் தலைமை நீதிபதி அபூ யூசுப், கலீபாவுக்கென்றே நிலவரி பற்றி ஒரு நூல் எழுதினார். வரி செலுத்துவோரை அடிக்கலாகாது, வெயிலில் நிறுத்தி வதைக்கலாகாது என்று அதில் அவர் அறிவுறுத்துகிறார். நடவாத கொடுமையைத் தடுக்க எந்த நீதிபதியும் பேனா எடுப்பதில்லை.

உழவருக்கும் கீழே அடிமைகள் இருந்தனர். கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட 'ஸன்ஜ்' மக்கள் பஸ்ராவை அடுத்த சதுப்பு நிலங்களில் உவர் மண்ணை வாரி அகற்றினர். பிறருடைய நிலம் விளைநிலமாயிற்று. அவர்களுக்குக் கிடைத்ததோ அரைவயிற்று உணவு. 869இல் அலீ இப்னு முஹம்மத் என்பவர் தலைமையில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 871இல் பஸ்ரா அவர்கள் வசமாயிற்று. அங்கே அவர்கள் நடத்திய படுகொலையை நாம் மறைக்கவில்லை. அடிமை முறையையே ஒழிக்க அவர்கள் எண்ணவுமில்லை. ஆயினும், கலீபாவின் சகோதரர் அல் முவப்பக் அவர்களை ஒடுக்குவதற்கு 883 வரை செல்ல வேண்டியிருந்தது. கூலிக் கலகமா இத்தனை காலம் நிலைக்கும்?

"அக்காலத்தை இக்காலத்து அளவுகோலால் அளப்பதா?" என்பார் சிலர். அளவுகோல் நம்முடையதன்று. அபூ யூசுபின் எழுதுகோல் அக்காலத்தது. உவர் மண் வாரிய கைகள் ஏந்திய ஆயுதமும் அக்காலத்ததே.

இன்னொரு சாரார் உளர். இக்கொடுமைகளுக்கெல்லாம் இஸ்லாமே காரணம் என்று கூறி, ஐரோப்பாவின் கையைக் கழுவிவிடுபவர்கள் அவர்கள். ஹாரூனுடன் தூதர்களைப் பரிமாறிக்கொண்ட கிறிஸ்தவ மன்னர் சார்லமேன் 782இல் சாக்சனியரைக் கொன்று குவித்ததை அவர்கள் மறந்துவிடுகின்றனர். சுரண்டலுக்கு மதம் இல்லை; அது தனக்கு வாய்ப்பான போர்வையை எடுத்துப் போர்த்துக்கொள்கிறது.

அப்படியாயின் பக்தாதின் அறிவுச்செல்வம் பொய்யா? அன்று. கிரேக்க மருத்துவத்தை அரபு மொழிக்குக் கொணர்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறிஸ்தவர். கணித மேதை தாபித் இப்னு குர்ரா ஹர்ரான் நகரத்துச் சாபியர். இந்திய எண்முறையை அரபு உலகுக்கு விளக்கியவர் அல் குவாரிஸ்மி. இச்செல்வம் பல இனத்தார், பல சமயத்தார் கூடித் தேடியது. கலீபாக்கள் பொருள் கொடுத்தனர் என்பது மெய். அப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மேலே கண்டோம். மேலும், அறிஞரைப் போற்றிய அதே மாமூன்தான் 833இல் அரசு வகுத்த சமயக் கொள்கையை ஏற்குமாறு அறிஞர்களை விசாரணைக்கு உட்படுத்தினார். அடுத்த கலீபாவின் ஆட்சியில் அஹ்மத் இப்னு ஹன்பல் கசையடி பட்டார். அறிவை ஆதரிக்கும் அரசு, அறிவு தனக்கு அடங்கியிருக்கும் வரையிலேயே ஆதரிக்கிறது.

1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்தனர். கலீபாக்களின் ஆட்சி அங்கே முடிந்தது. எண்களும் மருத்துவமும் மக்களிடம் எஞ்சின. எஞ்சியதைப் போற்றுவோம், அதற்காக அரியணையை வணங்க வேண்டியதில்லை. ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை 'பொற்காலம்' என்று கரும்பலகையில் எழுதும்போது அதன் அருகே ஒரு கேள்விக்குறியையும் இடுங்கள். மாணவர் சிந்திக்கத் தொடங்குவது அந்தக் குறியிலிருந்துதான்.